கல்நார்

புதுவயல் அரிசி ஆலைகளில்
பத்தொன்பது வருடம் பாய்லர் பிட்டர் நான்.
நீராவிக் குழாய்க்கு வெள்ளைக் கயிறு சுற்றுவேன்.
நைந்துபோனதைக் கிழிப்பேன்,
பஞ்சாய்ப் பறக்கும்.
மீசையில் படிந்ததைப் பார்த்து
அண்ணனுக்கு அதுக்குள்ள நரைச்சுப்போச்சு என்று
நெல் அவிக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

முதலாளி கல்லில் நார் உரிக்கிறவர்,
மூக்கில் கட்டத் துணி கேட்டால்
பழைய சாக்கு இருக்கே என்பவர்
என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.
உரித்துக்கொண்டிருந்தது என்னவோ நாங்கள்தான்.
அதற்குப் பெயரே கல்நார் என்று
முப்பது வருடம் கழித்து
மதுரையில் ஒரு டாக்டர் சொன்னார்,
விளக்குப் பெட்டியில்
கொப்பாத்தாளின் நெஞ்சுப் படத்தை மாட்டிக்கொண்டு.

என்னுடையதையும் எடுத்தார்கள்.
சுத்தமாக இருந்தது.

ஆலையில வேலை பாத்தீங்களாம்மா?
இல்லை என்றாள்.
இவர் சட்டையத் துவைச்சது யாரு?

அவள் என்னைப் பார்க்கவில்லை.
நான்தான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.
தினமும் சாயங்காலம் கொல்லையில்
என் காக்கிச் சட்டையை நாலு உதறு உதறுவாள்.
உதறாமல் நனைத்தால்
தொட்டித் தண்ணி பாலாகிவிடும் என்பாள்.

ஆறு மணி நேர ஆபரேஷன்.
நுரையீரலைப் போர்த்தியிருந்த சவ்வை
உரித்தெடுத்துவிட்டார்கள்.
முதுகில் தொடங்கி மார்புக்கடியில் முடிகிறது தையல்.
கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியிருக்கலாம்,
கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள்,
இருபத்தைந்து நாள்,
சனி ஞாயிறு விடுமுறை.

முதல் நாள் ஊதா மையில்
உடம்பெங்கும் கூட்டல் குறி போட்டு அனுப்பினார்கள்.
தேய்த்துக் குளிக்கக் கூடாது, அழியக் கூடாது.
கொத்தனார் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு,
எந்தப் பக்கம் வாசல் வைப்பாகளோ
என்றாள் கொப்பாத்தாள்.
நான் சிரித்திருக்க வேண்டும்.

காரைக்குடியில் ஐந்தே காலுக்கு மதுரை வண்டி.
குன்றக்குடி தாண்டும்போது வெளுக்கும்.
கீழவளவில் அறுத்துப்போட்ட மலைகள்.
பத்தாம் நாளுக்குப் பிறகு
ஜன்னலோரம் வேண்டாம் என்கிறாள்,
காற்றுப் பட்டால் மார் எரிகிறதாம்.
தோல் சுட்ட கத்தரிக்காய் மாதிரிக் கறுத்து வருகிறது.
உப்பில்லாத கஞ்சி மட்டும் இறங்குகிறது,
அதுவும் பாதி.
மேலூரில் ஏறும் பூக்காரி
தினமும் என்ன வைத்தியம் என்று கேட்கிறாள்.
மூச்சுக்கு என்கிறேன்.

உள்ளே அவளைப் படுக்கவைத்துவிட்டு
ஜெசிமா என்கிற பெண் வெளியே ஓடிவருகிறாள்.
இரும்புக் கதவு மூடிக்கொள்கிறது.
எல்லாரும் வெளியே, அவள் மட்டும் உள்ளே.
மைக்கில் சொல்கிறாள் ஜெசிமா:
மூச்சை இழுங்கம்மா. பிடிச்சுக்கங்க.
அசையாதீங்க.

சின்ன டிவியில் தெரிகிறது.
இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கிடக்கிறாள்,
சட்டையை உதற ஓங்கிய கை
கீழே இறங்காமலே நின்றுபோன மாதிரி.
மெஷின் அவளைச் சுற்றி வருகிறது,
எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் போல.
விடுங்கம்மா என்கிறாள் ஜெசிமா.
நானும் விடுகிறேன்.

ஆலை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.
நான் அங்கே வேலை பார்த்ததற்கு
ஒரு சீட்டு வேண்டும் என்று போனேன்.
முதலாளி மகன் நல்ல பையன்தான்.
காபி கொடுத்தான். பழைய நோட்டெல்லாம்
கரையான் அரித்துவிட்டது என்றான்.

சாயங்காலம் வீடு வந்து
அவள் ரவிக்கையை, பருத்திச் சேலையை
நான் துவைக்கிறேன்.
மை படிந்த இடங்களைக் கசக்குவதில்லை,
அழியக் கூடாதென்று சொன்னது துணியை இல்லை என்றாலும்.
பிழிந்து, கொடியடியில் நின்று
உதறக் கை தூக்குகிறேன்.
முடியவில்லை.
அப்படியே ஈரமாகப் போடுகிறேன்,
காலையில் சுருங்கிக் கிடக்கிறது.

ஒரு துணிய உதறிப் போடத் தெரியலை
என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது,
இருமலுக்கு நடுவில்.

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.